ஆறிய பின் கிளம்பும் வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அணைத்தால் சூடு உடனே இறங்கத் தொடங்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. சாவியைத் திருப்பிய கணத்தில் விசிறி நிற்கிறது, தண்ணீர் பம்ப் நிற்கிறது, ரேடியேட்டர் வழியே வந்துகொண்டிருந்த காற்றும் நிற்கிறது. சிலிண்டர் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தேங்கிய வெப்பம் மட்டும் நிற்பதில்லை. அது அக்கம்பக்கத்தில் இருக்கும் கார்பரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. எஞ்சின் ஆறத் தொடங்கிய பிறகும் பத்து, இருபது நிமிடங்களுக்கு இந்தச் சின்ன உறுப்புகளின் சூடு ஏறிக்கொண்டே போகும். டீ குடித்துவிட்டு வருவதற்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஓடும்போது ஒரு குறையும் சொல்லாத வண்டி, டீக்கடை வாசலில் கிளம்ப மறுப்பதன் முதல் காரணம் இது.

"சூட்டில் எடுக்க மாட்டேங்குது, ஆறினால் எடுக்குது" என்ற புகார் பழைய ஜீப், ஜிப்சி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் அதை அடிக்கடி கேட்கலாம். ராயலசீமையின் கோடையில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். அந்தச் சமவெளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலையேற்றம் வந்துவிடும். சித்தூரிலிருந்து பெங்களூர் சாலையில் பலமநேர் போனால் மொகிலி கணவாய். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி போனால் பாகராபேட்டை கணவாய். அந்தப் பக்கமே திரும்பித் தலகோணா அருவிக்குப் போனால் சேஷாசலக் காட்டுச் சாலைகள். எல்லாவற்றுக்கும் மேலே திருமலை. விஸ்வேஸ்வரய்யா வடிவமைத்த முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. இரண்டாவது பாதை 1974இல் வந்த பிறகு, வளைவுகள் மிகுந்த பழைய பாதை இறங்குவதற்கு, புதியது ஏறுவதற்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஏற்றம் ஒன்றுக்கு எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு ஜிப்சி ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏறுகிறது. அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 90 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீதி முக்கால் பங்கு, அதாவது 2 கோடியே 70 லட்சம் ஜூல், வெறும் வெப்பமாக வெளியேற வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அவ்வளவும் அரை மணி நேரத்துக்குள், இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டு, எதிர்க்காற்று போதுமான அளவு கிடைக்காத வேகத்தில் நடக்கிறது. ரேடியேட்டர் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும் பானெட்டுக்கு அடியில் சூடு கூடத்தான் செய்யும். சூடுமானி முள் நடுவிலேயே நிற்கிறதே, பிறகு ஏன் நின்றது என்று பலர் குழம்புவார்கள். அந்த முள் காட்டுவது எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தை. பெட்ரோலின் வெப்பத்தை அது காட்டாது.

இப்படி நின்ற வண்டியை எல்லோரும் ஒரே முறையில்தான் கையாள்கிறார்கள். பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு நிழலில் உட்காருவார்கள். அரை மணி கழித்து வண்டி கிளம்பிவிடும். ஊர் போய்ச் சேரலாம், ஆனால் நோய் என்னவென்று தெரியாது. ஏனென்றால் அந்த அரை மணியில் எல்லா உறுப்புகளும் சேர்ந்து ஆறிவிட்டன. எது ஆறியதால் வண்டி எடுத்தது என்று சொல்ல எந்தச் சாட்சியும் மிஞ்சவில்லை. மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் என்ன செய்வார்? பிளக் மாற்றுவார், காயில் மாற்றுவார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். ஒவ்வொன்றும் ஒரு ஊகம். அடுத்த கணவாயில் வண்டி மறுபடி நிற்கும். இந்த நோயை அது இருக்கும்போதே பார்த்தாக வேண்டும் என்பதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம், ஒர்க்‌ஷாப்பில் செலவாகும் ஐந்து நாளைவிடப் பயனுள்ளது.

முதலில் கவனிக்க வேண்டியது, அது நின்ற விதம். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி சொல்லிவிட்டுத்தான் நிற்கும். இழுவை குறையும், ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கும், இரண்டு குலுக்கு குலுக்கும், மறுபடி கொஞ்சம் பிடிக்கும், பிறகு அடங்கும். கரண்ட் போய் நிற்கும் வண்டி அப்படியல்ல. நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது அந்தக் கணமே சுவிட்சை அணைத்தாற்போல் செத்துவிடும். இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக இருக்காது. சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் கண்டென்சர் பெட்ரோல் குறைபாடு போலவே திக்கவைக்கும். ஆனாலும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

பெட்ரோல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்கு இருப்பதைப் போல பெட்ரோலுக்கு ஒற்றைக் கொதிநிலை கிடையாது. அது பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. இதிலுள்ள ஐசோபென்டேன் 28 டிகிரியிலும் பென்டேன் 36 டிகிரியிலும் கொதிப்பவை. கடைசியில் ஆவியாகும் கனமான பகுதிக்கு 200 டிகிரி வேண்டும். சித்தூரின் மே மாத வெயிலில், தனியாகத் திறந்துவைத்தால் காற்றின் சூட்டிலேயே கொதித்துப்போகும் பொருள்கள் பெட்ரோலுக்குள் கரைந்து கிடக்கின்றன. கலவைக்குள் இருப்பதால் அவை அடங்கியிருக்கின்றன. வெப்பம் 60, 70 டிகிரியை எட்டும்போது அந்த அடக்கம் போய்விடுகிறது. ஒரு பங்கு பென்டேன் திரவம் ஆவியானால் இருநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். குழாயின் வளைவில் ஒரு துளி கொதித்தாலே அந்த இடம் முழுதும் குமிழியாகிவிடும்.

பழைய ஜீப்பிலும் கார்பரேட்டர் வைத்த ஜிப்சியிலும் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கேம் தண்டு அசைக்க, உள்ளே இருக்கும் டயஃப்ரம் பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. வடிவமைப்பின் பலவீனமே அந்த உறிஞ்சல்தான். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். 850 மீட்டருக்கு மேல் இருக்கும் திருமலையில் காற்றழுத்தமே சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பம்புக்குள் ஆவி புகுந்துவிட்டால் டயஃப்ரம் ஆவியைச் சுருக்கி விரித்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. இதைத்தான் நம் பக்கத்தில் ஏர் லாக் என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜிப்சிக்கு எம்பிஎஃப்ஐ என்ற எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தபோது இந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. அதில் பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் திரவம் அவ்வளவு எளிதில் கொதிக்காது.

இதே வெப்பம் இதற்கு நேர் எதிரான நோயையும் தரும் என்பதுதான் சிக்கல். வண்டியை நிறுத்திய பிறகு கார்பரேட்டரின் ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, பொங்கி, ஜெட் வழியாகவே மேனிஃபோல்டுக்குள் வழியும். அங்கே பெட்ரோல் போதவில்லை, இங்கே அளவுக்கு மீறிவிட்டது. இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றே: சூட்டில் கிளம்பவில்லை. வைத்தியம் நேர் எதிர். ஓவர் ஆகிப்போன எஞ்சினுக்குச் சோக் போட்டால் பிளக் நனைந்து நிலைமை மோசமாகும். அதற்கு ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி, பம்ப் செய்யாமல், சில நொடிகள் செல்ஃப் அடிக்க வேண்டும். காற்று மிகுதியாகப் போய் உள்ளே இருப்பதைத் துடைத்தெடுக்கும். அப்படி எடுத்து, கரும்புகையோடு பிடித்தால் பொங்கல்தான் காரணம் என்று அங்கேயே முடிவாகிவிடும். இல்லையென்றால் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில், கார்பரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். மெல்லிய கோடாகப் பெட்ரோல் பாய்ந்தால் அறையில் பெட்ரோல் இருக்கிறது. பாயவில்லை என்றால் அறை காய்ந்து கிடக்கிறது, தேட வேண்டியது பம்பின் பக்கம். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் தகிக்கும் நேரத்தில் சிந்தும் பெட்ரோல் உயிரோடு விளையாடுவது.

எரிபொருளும் முன்போல் இல்லை. நாடு முழுதும் 10 சதவீத எத்தனால் கலப்பை 2022இல் எட்டினோம். 2025க்குள் 20 சதவீதம் வந்துவிட்டது. தூய எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில். அதைக் கலந்தால் பெட்ரோல் ஆவியாவது குறையும் என்று தோன்றலாம். குறைந்த அளவில் கலக்கும்போது நடப்பது அதன் மறுபக்கம்: பெட்ரோலின் லேசான மூலக்கூறுகளோடு எத்தனால் பொருந்திப் போவதில்லை, அவை முன்னைவிட எளிதாகத் தப்பித்து ஆவியாகின்றன, கலவையின் ஆவியழுத்தம் கூடுகிறது. இந்த ஏற்றம் 10 சதவீதத்தை ஒட்டி உச்சத்தில் இருந்து, அதற்கு மேல் மெல்ல இறங்குகிறது. எத்தனாலின் இன்னொரு வேலை பழைய வண்டிகளுக்கு இன்னும் கெடுதல். 1990களில் போட்ட ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்துத் தளர்த்துகிறது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் விழும் ஒரு மயிரிழை வெடிப்பு வெளியே சொட்டாது, உள்ளே காற்றை இழுக்கும். ஆவியால் வந்த ஏர் லாக் என்று நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் உண்மையிலேயே காற்றாக இருக்கும்.

மலைப்பாதை ஓட்டுநர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தும் ஒரு கருவி இருக்கிறது, ஈரத்துணி. பம்பின் மேல் போட்டால் ஆறிவிடும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு 23 லட்சம் ஜூலுக்குக் குறையாமல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் அது வேலை செய்கிறது. ராயலசீமையின் வறண்ட காற்றில் ஆவியாதல் விரைவு. கடலோரத்துப் புழுக்கத்தைவிட இங்கே துணிக்குப் பலம் கூடுதல். ஆனால் ஈரத்துணியின் உண்மையான மதிப்பை நாம் தவறவிடுகிறோம் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ஆறவிடாமல் ஒன்றே ஒன்றை மட்டும் ஆறவைக்க அது வழி தருகிறது. வண்டி நின்றதும் துணியைப் பம்பின் மேல் மட்டும் சுற்றுங்கள். மூன்று நிமிடத்தில் எடுத்தால், மற்ற எல்லாம் சூடாகவே இருக்கும்போது பம்ப் ஒன்று ஆறியதால்தான் எடுத்தது. எடுக்கவில்லையென்றால் துணியைக் காயிலின் உடம்புக்கு மாற்றுங்கள்; மேலே இருக்கும் ஒயர் முனைகளில் ஈரம் படக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் துணி போகவே கூடாது. சாலையோரத்தில் நடந்தாலும் இது முறையான பரிசோதனைதான். ஒரு காரணத்தை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு, விளைவைப் பார்.

துணியை எடுப்பதற்கு முன் பத்து நொடியில் முடிகிற இன்னொரு சோதனை உண்டு. டாங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால் வெப்பத்தின் மேல் பழி போட வேண்டாம். மூடியில் இருக்க வேண்டிய காற்றுத் துளை அழுக்கால் அடைந்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய பிறகு நிற்பதால் சூட்டுக் கோளாறு போலவே தெரியும். சற்று நேரம் நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சரியாகியும் விடும்.

இனி கரண்ட். இக்னிஷன் காயில் என்பது ஒரே இரும்பு மையத்தின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் முதல் சுருளின் காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 15,000 வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடுதல்; அதற்கேற்ப முதல் சுருளில் ஓடும் மின்சாரம் குறைகிறது. நல்ல காயில் இதைத் தாங்கும். வயதான காயிலில் கம்பிமேல் பூசிய மின்காப்புப் பூச்சு நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும். சூட்டில் சுருள் விரியும்போது அந்த வெடிப்பு வழியாக மின்சாரம் உள்ளுக்குள்ளேயே தாவிவிடும், பிளக் வரை போகாது. ஆறினால் வெடிப்பு மூடிக்கொள்ளும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த வண்டிகளில் இக்னிஷன் மாட்யூல் இதையே செய்யும். அதற்கு அடியில் வெப்பம் கடத்தும் பசை பூசியிருக்க வேண்டும். முன்பு யாராவது கழற்றி மாட்டும்போது அதைப் பூசாமல் விட்டிருந்தால் சில்லு தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

கரண்டைச் சந்தேகித்தால் உதிரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் எர்த் படும்படி, கார்பரேட்டரிலிருந்து தள்ளி வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். தடித்த நீலப் பொறி வந்தால் கரண்ட் பக்கம் நலம். மஞ்சளாக, நூல்போல வந்தால் அல்லது வராமலே போனால் விஷயம் இங்கேதான். உறுதி செய்ய ஒர்க்‌ஷாப்பில் ஈரத்துணியின் மறுபாதியைச் செய்யலாம். காலையில் ஜில்லென்று இருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, முடி உலர்த்தும் மெஷினின் சூடான காற்றைக் காயிலின் மேல் மட்டும் காட்டுங்கள்; பிறகு மாட்யூலின் மேல் மட்டும். எதைச் சுடவைத்தபோது எஞ்சின் நிற்கிறதோ அதுதான். இரண்டு சோதனைகளும் ஒரே உறுப்பைச் சுட்டினால் அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. தைரியமாகக் காசு கொடுத்து மாற்றலாம்.

செல்ஃப் அடிக்கும்போது காதையும் பயன்படுத்த வேண்டும். வழக்கமான தாளத்தில் சுற்றினால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. கனமாக, திணறித் திணறிச் சுற்றினால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போதவில்லை. அதுவும் செம்புச் சுருள்தான், அதற்கும் அதே விதி. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். பேட்டரியை மாற்றுவதற்கு முன், மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. மூன்றாவது ஓசை அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது: வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றுவது. வால்வு இடைவெளி குறைவாக வைக்கப்பட்டிருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாமல் போகும், கம்ப்ரஷன் கசிந்துவிடும். ஆறிய எஞ்சினில் எடுக்கும் கம்ப்ரஷன் அளவு இதைக் காட்டாது. சூட்டிலேயே எடுக்க வேண்டும்.

டீசல் ஜீப்புகளின் கதை தனி. அங்கே பொறியும் இல்லை, எளிதில் கொதிக்கும் எரிபொருளும் இல்லை. ஆனாலும் சுழல்வகை டீசல் பம்ப் வைத்த எஞ்சின்களில் ஒரு நோய் உண்டு. காலையில் அரைச் சுற்றில் எடுக்கும், மதியம் மலையேறி நிறுத்தினால் எடுக்காது. பம்புக்குள் ரோட்டருக்கும் அதன் உறைக்கும் இடையே இருக்கும் சந்து மைக்ரான் கணக்கில் நுண்ணியது. பல வருடத் தேய்மானத்தில் அது அகன்றுவிடுகிறது. குளிர்ந்த டீசல் கெட்டியாக இருப்பதால் அந்தச் சந்தில் அதிகம் கசியாது. சூட்டில் டீசலின் பாகுத்தன்மை பாதியாகக் குறைந்துவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில், நாசிலைத் திறக்கத் தேவையான அழுத்தம் எழுவதற்குள் டீசல் பின்னால் கசிந்துவிடுகிறது. ஓடும்போது வேகம் இருப்பதால் தெரியாது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் எடுப்பதற்கும் இதுவே காரணம். இங்கும் ஈரத்துணியைப் பம்பில் சுற்றினால் விடை கிடைக்கும். வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உறை சட்டென்று சுருங்கி ரோட்டரைப் பிடித்துக்கொண்டால் பம்பே போய்விடும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்றை ஓனர்களிடம் வற்புறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இந்த வண்டிகள் புதிதாக இருந்தபோதும் இதே வெயில்தான், இதே கணவாய்தான். வனத்துறையும் காவல்துறையும் ஜீப்பையும் ஜிப்சியையும் பல ஆண்டுகள் இங்கே ஓட்டியிருக்கின்றன. வடிவமைத்தவர்கள் சூட்டுக்குத் தடுப்பு வைத்திருந்தார்கள். கார்பரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த அட்டை, எக்ஸாஸ்டுக்கும் கார்பரேட்டருக்கும் இடையில் ஒரு தகடு, மிகுதிப் பெட்ரோலும் ஆவியும் டாங்குக்கே திரும்பிப் போக ஒரு மெல்லிய ரிட்டர்ன் குழாய், பெட்ரோல் ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கும் கிளிப். முப்பது வருடத்தில் தகடு கடகடவென்று சத்தம் போட்டதால் கழற்றப்பட்டது, அட்டைக்குப் பதில் மெல்லிய பேக்கிங் வந்தது, ரிட்டர்ன் குழாய் ஒழுகியதால் போல்ட் வைத்து அடைக்கப்பட்டது, கிளிப் எங்கோ விழுந்தது. விலை உயர்ந்த புதுக் கார்பரேட்டர் தேடுவதற்கு முன், அதே மாடலில் யாரும் கைவைக்காத ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து, இரண்டு பானெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பாருங்கள். காணாமல்போனது எது என்று கண்ணுக்கே தெரியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான் தீர்வு என்று சொல்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சினை எப்போதும் குளிரில் ஓடவைத்துத் தேய்மானத்தைக் கூட்டும் வேலை அது. நிறுத்திய பிறகு பெட்ரோல் கொதிப்பதை அது தடுக்கப்போவதில்லை.

பழுது பார்த்த பின் சோதனை ஓட்டமும் நோய் வந்த அதே நிலையில் நடக்க வேண்டும். டிசம்பரில் சரிசெய்து டிசம்பரிலேயே ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் தேர்ச்சி பெறும். ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு, அதே ஆட்கள், அதே சுமையோடு பாகராபேட்டை ஏற்றத்தில் ஏறுங்கள். மேலே போய் நிறுத்துங்கள், பானெட்டைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, அந்தச் சின்ன உறுப்புகள் உச்சச் சூட்டில் இருக்கும்போது சாவியைத் திருப்புங்கள்.